வத்திராயிருப்பு பக்கம் 1860-ல் பேசிய பாஷை

கத்தோலிக்கக் கோயில்களில் நடக்கிற அருங்கொடை ஜெபக்கூட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? ஊர்ல எல்லாரும் சொல்றது 'கரிஸ்மாட்டிக்'. முதல்ல பாட்டு, கைதட்டல். அப்புறம் ஸ்தோத்திரம், அல்லேலூயான்னு வேகம் ஏறும். ஒரு கட்டத்துல வார்த்தைகளே கழண்டு போயிடும். என்ன மொழின்னே சொல்ல முடியாத ஒலிகளில் ஆளாளுக்கு ஜெபிப்பாங்க. கொஞ்ச நேரத்துல மழை விட்ட மாதிரி அடங்கிடும். முதல்தடவை பார்க்கிறவங்களுக்கு வயித்தைக் கலக்கும்.

இதைப் பத்தி விருதுநகர், சிவகாசி பக்கம் யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்தான், "இதெல்லாம் அமெரிக்கா சரக்குப்பா." கத்தோலிக்கர்கள் விஷயத்துல இது சரிதான். 1967 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் நகரத்து டியூகேன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு வாரக்கடைசி தியானத்துக்குப் போனார்கள். அங்கேதான் கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் ஆரம்பித்தது. அந்தத் தியானத்தை நடத்தின ஆசிரியர்களில் சிலர் கொஞ்ச நாள் முன்னாடிதான் ஒரு புராட்டஸ்டண்ட் ஜெபக்குழுவில் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார்கள். 1972-ல் இயக்கம் பம்பாய்க்கு வந்தது. பிறகு கேரளத்தில் போட்டை, முரிங்கூர் தியான இல்லங்கள் வளர்ந்தன. நம்ம ஊர்க்காரங்க ஒரு வாரத் தியானத்துக்கு சாலக்குடிக்கு ரயிலேறியது அப்புறம்தான்.

இதுல இருக்கிற வேடிக்கை என்னன்னா, இதே திருச்சபை 1614-ல் வெளியிட்ட ரோமைச் சடங்கு நூலில், ஒருவருக்குப் பேய் பிடித்திருப்பதற்கான அடையாளங்களில் ஒன்றாக 'தெரியாத மொழியில் நிறையப் பேசுவது' என்று இருக்கிறது. 1999-ல் திருத்திய சடங்கிலும் அது போகவில்லை. இன்னொரு பக்கம் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் அதே பேச்சை ஆவியார் தரும் அருங்கொடைகளில் ஒன்றாகச் சொல்கிறது. முரண்பாடுன்னு சட்டுனு சொல்லிடலாம். நம்ம கரிசக்காட்டு ஆளுங்களுக்கு இதுல ஆச்சரியமே இருக்காது. ஆடுறது சாமியா பேயான்னு கேட்டுத்தானே நம்ம ஊர்லயும் விபூதி போடுவாங்க?

பெயரிலேயே ஒரு சண்டை இருக்கு. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இது 'அந்நிய பாஷை'. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'பரவசப்பேச்சு'. முதல் பெயர் இதை ஒரு மொழின்னு சொல்லுது, இரண்டாவது ஒரு நிலைன்னு சொல்லுது. மொழிபெயர்ப்பாளர்கள் பாதி விவாதத்தை அங்கேயே முடிச்சுட்டாங்க.

நிற்க. இப்ப அமெரிக்கா சரக்கு விஷயத்துக்கு வருவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வத்திராயிருப்பு போகிற பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கிறிஸ்டியான்பேட்டைன்னு ஒரு ஊர். சதுரகிரிக்குப் போறவங்க அந்த வட்டாரத்தைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. அந்த ஊரை உருவாக்கியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810-1867). பெயரைக் கவனிங்க. பழைய கத்தோலிக்கத் தமிழில் அருளப்பர் என்றாலே யோவான், அதாவது ஜான். ஒரே பெயரை இரண்டு தடவை வெச்சிருக்காரு மனுஷன்!

பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பிறகு எக்ஸெட்டர் நகரத்துப் பல் டாக்டராக இருந்து, பாக்தாத் போய், 1833-ல் இந்தியாவுக்கு வந்த அந்தோனி நாரிஸ் க்ரோவ்ஸோடு சேர்ந்தார். க்ரோவ்ஸிடம் அவர் கற்ற பாடம், எந்த மிஷன் சங்கத்திடமும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது. வெள்ளைக்காரர் கையில் பணமும் அதிகாரமும் இருந்த காலத்தில் இது லேசான முடிவு இல்லை. சம்பளம் இல்லையென்றால் கேள்வி கேட்க மேலாளரும் இல்லை. (ஐடி மக்கள் பெருமூச்சு விடவும்.)

1860-ன் முதல் பாதியில் அங்கே ஒரு எழுப்புதல் வந்தது. பாவத்தை அறிக்கையிட்டு அழுகை, உடம்பு நடுக்கம், தரிசனம், தீர்க்கதரிசனம். ஜூன் மாதத்தில் சிலர் தாங்கள் அறியாத பாஷைகளில் கடவுளைத் துதித்ததாகவும், அதற்கு அர்த்தமும் சொல்லப்பட்டதாகவும் அருளப்பன் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய மகனும் மகளும் உறவினர்களைப் பார்க்க சி.எம்.எஸ். மிஷனைச் சேர்ந்த கிராமங்களுக்குப் போக, அங்கேயும் அது பற்றிக்கொண்டது.

லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருக் கூட்டம் 1906. அதற்கு 46 வருஷம் முன்னாடி இது. டியூகேனுக்கு 107 வருஷம் முன்னாடி. 1831-ல் லண்டனில் எட்வர்ட் இர்விங் சபையிலும் நடந்ததால, உலகத்துலயே முதல்ல நாங்கதான்னு காலரைத் தூக்கிவிட முடியாது. ஆனா இறக்குமதின்னும் சொல்ல முடியாது. 1857-58 அமெரிக்க எழுப்புதல், 1859 அயர்லாந்து எழுப்புதல் பற்றிய செய்திகள் அருளப்பனுக்குத் தெரியும். அவற்றின் அடையாளம் அந்நிய பாஷை அல்ல. க்ரோவ்ஸ் சேர்ந்திருந்த சகோதரர் சபைக்காரர்களும் அதை ஊக்குவித்தவர்கள் இல்லை. அவரே 1853-ல் இறந்துவிட்டார்.

அப்போ சிவகாசியில் யார் இருந்தாங்க? பட்டாசும் தீப்பெட்டியும் இல்லாத சிவகாசி அது (தீப்பெட்டித் தொழில் 1923-ல்தான் வருது). சி.எம்.எஸ்.-ஸின் வட திருநெல்வேலி மிஷனுக்கு அதுதான் முக்கியமான இடம். கேம்பிரிட்ஜில் இருந்து வந்து கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றிய ராக்லண்ட் 1858 அக்டோபரில் சிவகாசியில்தான் இறந்தார். அவர் ஆட்கள் வருஷக்கணக்காக நடந்து திரிந்த அதே வட்டாரத்தில், அவர்கள் ஆரம்பிக்காத ஒரு தீ. சில மிஷனரிகள் இந்த வரங்களை உண்மை என்று ஒத்துக்கொண்டதாக அருளப்பன் எழுதுகிறார். மற்றவர்கள் தயங்கியிருந்தால் எனக்குக் காரணம் புரிகிறது. சாணார்களின் பேயாட்டத்தைப் பற்றி கால்டுவெல் 1849-லேயே புத்தகம் போட்டுவிட்டார். அதைப் படித்தவர்களுக்கு ஒரு விசுவாசி நடுங்கிக்கொண்டு பேசினால் வேறு என்ன ஞாபகம் வரும்?

அதுக்காக அருளப்பனில் இருந்து இன்றைய கரிஸ்மாட்டிக் கூட்டத்துக்கு நேர்கோடு போடாதீங்க. கோடு மேற்கே போச்சு. 1873-75-ல் திருவிதாங்கூரில் வந்த எழுப்புதலில் அருளப்பனின் சீடர்களுக்குப் பங்கு உண்டு. அதில் முன்னணியில் நின்ற யுஸ்துஸ் யோசேப்பு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1881-ல் கிறிஸ்து வருவார் என்று தேதி குறித்தார், வரவில்லை. அதோடு அந்தக் கிளையின் வேகம் போச்சு. கத்தோலிக்கர்களுக்கு வந்தது வேறு வழி, வேறு கதை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் அந்நிய பாஷை ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் சாட்சி. கத்தோலிக்கர்களுக்கு அது பல வரங்களில் ஒன்று, வராவிட்டாலும் குறை இல்லை. அகுஸ்தீனார் அறுவடைக்காரர்கள் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் ஒலியில் பாடி மகிழ்வதைப் பற்றி எழுதியிருப்பதைக் காட்டி, "இது எங்களுக்குப் பழசுதான்" என்பார்கள். நாற்று நடும்போது குலவை போடுகிற ஊரில் இது சுலபமாகப் புரியும்.

விஞ்ஞானம் என்ன சொல்லுது? மொழியியலாளர் வில்லியம் சமரின் 1972-ல் எழுதிய புத்தகத்தில், இந்தப் பேச்சு பேசுபவருக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியின் ஒலிகளை எடுத்துக் கட்டப்படுகிறது, மொழிக்கு உரிய இலக்கண அமைப்பு அதில் இல்லை என்றார். 2006-ல் பென்சில்வேனியாவில் ஐந்து பெண்களை வைத்து மூளை ஸ்கேன் எடுத்ததில், அப்போது நெற்றிப் பக்க மூளையின் இயக்கம் குறைவதாகத் தெரிந்தது. அதாவது நடிக்கலை, ஆனா வாக்கியமும் கட்டலை. ஐந்து பேர் ரொம்பக் கம்மிதான்.

சரி, இவ்வளவு நடந்தும் நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு ஏன் தெரியலை? காரணம் சப்பையானது. 1860-ல் அந்த வட்டாரம் திருநெல்வேலி ஜில்லா. அதனால் புத்தகங்களில் எல்லாம் 'திருநெல்வேலி எழுப்புதல்'. 1910-ல் ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பக்கத்தைப் பிரித்து ராமநாதபுரத்தோடு சேர்த்தார்கள். 1985-ல் அதிலிருந்தும் பிரிந்து இப்போதைய மாவட்டம் வந்தது. தேடுகிறவர்கள் நெல்லையில் தேடுவாங்க, ஊர் இங்கே இருக்கு. அருளப்பனின் நாட்குறிப்புகளைத் தொகுத்து 1939-ல் புத்தகமாகப் போட்டவரும் ஜி.எச். லாங் என்ற ஆங்கிலேயர்தான், அதுவும் ஆங்கிலத்தில்.