ஐதராபாத் ஸ்கை

ஐதராபாத் ஸ்கை, தெலங்கானா தலைநகரின் பெயரில் ஆடிய தொழில்முறைக் கூடைப்பந்து அணி. 2015இல் தொடங்கிய யுபிஏ புரோ கூடைப்பந்து லீக்கின் எட்டு அணிகளுள் ஒன்று. கச்சிபௌலி உள்விளையாட்டரங்கம் இதன் சொந்த அரங்காகக் குறிக்கப்பட்டது. நான்கு சீசன்களுக்குப் பின் 2017இல் லீக் நின்றது. அணியும் அத்தோடு முடிந்தது.

அரங்கு

2002 தேசிய விளையாட்டுப் போட்டிகளையும் 2003 ஆப்பிரிக்க-ஆசியப் போட்டிகளையும் ஒட்டி, ஐதராபாத்தின் மேற்கு ஓரத்தில் உருவானது கச்சிபௌலி விளையாட்டு வளாகம். 2002இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த மக்களவைத் தலைவர் ஜி.எம்.சி. பாலயோகியின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. 2009இல் உலக பாட்மிண்டன் சாம்பியன்ஷிப் இந்த உள்ளரங்கில்தான் நடந்தது.

அரங்குக்குக் குறைவில்லை, அங்கே இடம் பிடிப்பதுதான் கூடைப்பந்துக்குச் சிரமம். கபடிக்கு 13×10 மீட்டர் விரிப்பு போதும். பாட்மிண்டனுக்கும் வாலிபாலுக்கும்கூட விரிப்பை விரித்து வலையைக் கட்டினால் களம் தயார். கூடைப்பந்துக்கு 28×15 மீட்டர் களம் வேண்டும். விரிப்பின் மேல் பந்து சரியாக எகிறாது என்பதால் தரை மரத்தளமாக இருப்பதே நல்லது. 3.05 மீட்டர் உயரத்தில் வளையத்தைத் தாங்கும் கனமான கம்பங்கள் இரு முனையிலும் நிற்க வேண்டும். தொலைக்காட்சிப் பணத்தோடு வரும் கபடியோடு இந்த அரங்குக்குப் போட்டி போடுவது சின்ன லீக்குக்கு எளிதல்ல.

லீக்கும் சம்மேளனமும்

யுபிஏவில் ஐதராபாத்துடன் சென்னை ஸ்லாம், பெங்களூரு பீஸ்ட், புனே பேஷ்வாஸ், மும்பை சாலஞ்சர்ஸ், டெல்லி கேபிடல்ஸ், அரியானா கோல்ட், பஞ்சாப் ஸ்டீலர்ஸ் ஆகியவை ஆடின. வெற்றியில் பெயரெடுத்தது சென்னைதான்.

லீக்கின் அடிப்படைக் குறை வேறிடத்தில் இருந்தது. இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் 2010இல் ஐஎம்ஜி ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தது. வணிக உரிமையும் லீக் தொடங்கும் உரிமையும் அந்நிறுவனத்திடம் போயின. அந்த லீக் வரவேயில்லை. வந்த யுபிஏவுக்கோ சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லை. இந்தியாவில் நல்ல கூடைப்பந்து வீரர் பெரும்பாலும் ரயில்வே, ஓஎன்ஜிசி, ராணுவம், ஐஓபி போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பார்ப்பவர். நிரந்தரச் சம்பளத்தையும் தேசிய அணி வாய்ப்பையும் பணயம் வைத்து, சில வார லீக்குக்கு அவர் ஏன் வர வேண்டும்? இந்தக் கேள்விக்கு யுபிஏவிடம் கடைசிவரை நல்ல பதில் இல்லை. 2015இல் இந்திய வீரர் சத்னாம் சிங்கை டல்லாஸ் அணி அமெரிக்காவின் என்பிஏ லீக்குக்குத் தேர்ந்தெடுத்தபோது நாடெங்கும் எழுந்த பரபரப்பும் லீக்குக்குக் கைகொடுக்கவில்லை.

பின்வந்த அணிகளும் எதிர்காலமும்

2018இல் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் அங்கீகாரத்துடன் தொடங்கிய மூவர் ஆட்ட லீக்கான 3பிஎல்லில் ஐதராபாத் பாலர்ஸ் ஆடியது. பாதிக் களமும் ஒரே வளையமும் கொண்ட அந்த ஆட்டத்துக்குச் செலவு குறைவு. ஆனால் அது ஐவர் ஆட்டத்துக்கு ஈடாகாது. இந்தியச் சம்மேளனத்தின் ஆதரவுடன் நடந்த இந்திய தேசியக் கூடைப்பந்து லீக்கின் முதல் நகர அணிகளில் சென்னை, பெங்களூரு, கொச்சிக்கு இடம் கிடைத்தது, ஐதராபாத்துக்குக் கிடைக்கவில்லை. 25 வயதுக்கு உட்பட்டோருக்கான 2025 சீசனில்தான் ஐதராபாத் ஃபால்கன்ஸ் வந்தது. ஆறு அணிகளும் டெல்லி தியாகராஜ் அரங்கிலேயே ஆடின. ஐதராபாத் ரசிகர் தம் அணியைத் திரையில்தான் பார்த்தார்.

சொந்த ஊரில் ஆடினாலே பிழைத்துவிடலாம் என்றும் சொல்ல முடியாது. இதே வளாகத்தின் திறந்தவெளி மைதானத்தில் ஆடிய கால்பந்து அணி ஐதராபாத் எஃப்சி, 2022இல் ஐஎஸ்எல் கோப்பையையே வென்றது. பண நெருக்கடியில் சிக்கி 2025இல் டெல்லிக்கு இடம்பெயர்ந்தது. கால்பந்துக்கே இந்தக் கதி என்றால், கூடைப்பந்தில் முதலீடு செய்பவர் யோசிக்கத்தான் செய்வார்.

இருந்தாலும் ஃபால்கன்ஸின் நிலை ஸ்கையைவிட மேல். சம்மேளனம் லீக்கின் பக்கம் இருக்கிறது. இளம் வீரர்கள் தயங்காமல் ஒப்பந்தம் போடலாம். மீதிக் குறை ஆட்ட அட்டவணையில் இருக்கிறது. சீசனில் பாதி ஆட்டமாவது கச்சிபௌலியில் நடக்காதவரை, ஐதராபாத்துக்கு ஒரு கூடைப்பந்து அணி உண்டு என்பது பெயரளவில்தான்.