இரு பெயர் தாங்கிய ஆற்றங்கரைப் பாதை

வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ரெஷென் கணவாய் அருகே தோன்றித் தெற்கு நோக்கி இறங்கி, ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கும் ஆறு ஒன்று உண்டு. பண்டை உரோமர் அதனை அத்தேசிஸ் என்றனர். இத்தாலியர் அடிஜே என்பர். ஆற்றின் மேற்பகுதியில் வாழும் ஜெர்மன் மொழியினர் எட்ச் என்பர். 410 கிலோமீட்டர் நீளமுடைய இது, இத்தாலி நாட்டில் போ ஆற்றிற்கு அடுத்த நெடிய ஆறாகும். ரெஷென் கணவாயிலிருந்து வெரோனா நகர் வரை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவுக்கு, இவ்வாற்றை ஒட்டி மிதிவண்டிப் பாதை செல்கிறது. கோடைதோறும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்தும் மக்கள் வண்டியின் இருபுறமும் பைகளைக் கட்டிக்கொண்டு இவ்வழியே பயணம் செய்கின்றனர். பாதை புதியது, வழியோ மிகப் பழையது. வழியினும், வழிப்பலகைகளில் எழுதப்பட்டுள்ள ஊர்ப்பெயர்களே ஆசிரியராகிய நம் கருத்தை மிகுதியும் ஈர்க்கத்தக்கவை.

வழியின் தொடக்கம் படையெடுப்பில் உள்ளது. கி.மு. 15ஆம் ஆண்டில் அகஸ்டஸ் பேரரசரின் மனைவி லிவியாவின் மைந்தர்களான துரூசஸ், திபேரியஸ் என்னும் இருவரும் ஆல்ப்ஸ் மலைநாட்டை வென்றனர். துரூசஸ் வகுத்த படைவழியை அவருடைய மகன் கிளாடியஸ், தாம் பேரரசராக இருந்த கி.பி. 46-47இல் முறையான நெடுஞ்சாலையாக முடித்தார். அதனால் அதற்குக் கிளாடியா அகஸ்டா சாலை என்று பெயராயிற்று. மெரான் நகருக்கு அருகிலுள்ள ராப்லாண்டு என்னும் சிற்றூரில் 1552இல் கண்டெடுக்கப்பட்ட மைல்கல் இச்செய்தியை நமக்குக் கூறுகிறது. போ ஆற்றிலிருந்து டான்யூப் ஆறு வரை 350 உரோம மைல் என்று அக்கல்லில் பொறித்துள்ளனர். இக்காலக் கணக்கில் அது 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அக்காலத்துச் சாலை பெரும்பாலும் பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் செல்லவில்லை. மலைச்சரிவை ஒட்டியே சென்றது. அடித்தளம் சேறும் சதுப்புமாகக் கிடந்தது. வெள்ளம் ஆண்டுக்கு ஆண்டு ஆற்றின் போக்கை மாற்றியது. சதுப்பு நிலத்தில் மலேரியாவும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில், ஆஸ்திரிய ஆட்சியில், ஆற்றை நேராக்கி இருபுறமும் கரை உயர்த்தினர். வெரோனாவிலிருந்து போட்சென் வரை இருப்புப்பாதை 1859இல் வந்தது. அவ்வாறு உயர்த்திய கரையின்மீதுதான் இன்று மிதிவண்டிகள் பலகாதம் சமநிலத்தில் ஓடுகின்றன. மலைநாட்டில் மேடேறாது செல்ல இயல்வது இக்கரையால்தான். கரை எழுப்பிய தொழிலாளரோ தம் வேலையின்மீது சைக்கிள் ஓடும் என்று கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

மேற்பகுதிக்கு வின்ஷ்காவ் என்று பெயர். மால்ஸ் என்னும் ஊர் கடல்மட்டத்திற்கு 1,000 மீட்டருக்குச் சற்று மேலே உள்ளது. மெரான் 325 மீட்டர் அளவில் உள்ளது. இடைத்தொலைவு 60 கிலோமீட்டர். ஆப்பிள் தோட்டங்களினூடே பாதை இறங்குகிறது. இப்பகுதியில் மழை குறைவு. ஆகவே உழவர் பனிமலை நீரைச் சரிவுகளில் வெட்டிய சிறு வாய்க்கால்கள் வழியே கொணர்ந்து, முறை வைத்துப் பாய்ச்சினர். நம் முன்னோரின் நீர்முறை வழக்கத்தை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. குளூர்ன்ஸ் என்னும் ஊர் 1499இல் நிகழ்ந்த கால்வென் போருக்குப் பின் அழிக்கப்பட்டு, மதிலோடு மீண்டும் எழுந்தது. அம்மதில் இன்றும் ஊரைச் சுற்றி முழுமையாக நிற்கிறது. அருகே பிராடு என்னும் ஊரிலிருந்து ஸ்டெல்வியோ கணவாய்க்கு 48 வளைவுகளுடன் ஒரு சாலை ஏறுகிறது. 1953இல் ஃபௌஸ்தோ கோப்பி அங்கே கோப்லட்டை வீழ்த்திய கதையை மிதிவண்டிப் பந்தய அன்பர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வர். வீரர் மேலே ஏறட்டும். நாம் ஆற்றோடு இறங்குவோம்.

இறங்கியவர் திரும்புவதற்குப் புகைவண்டி உண்டு. மெரான் - மால்ஸ் இருப்புப்பாதையை 1906இல் அமைத்தனர். ஊதியம் இல்லையென்று நடுவண் அரசின் இரயில்வே 1990இல் அதை மூடிவிட்டது. மாநில ஆட்சி அதை ஏற்றுச் செப்பனிட்டு 2005இல் மீண்டும் திறந்தது. தம் ஊர்க் காரியத்தைத் தாமே பார்க்கும் உரிமை அம்மக்களுக்கு இருந்ததனால்தான் இது கைகூடிற்று. அவ்வுரிமை எளிதில் வந்ததன்று.

இனி அப்பலகைகளைக் காண்போம். ஒவ்வோர் ஊருக்கும் இரு பெயர்கள்: ரெஷென் - ரேசியா, மால்ஸ் - மால்லெஸ், போட்சென் - போல்சானோ, சலூர்ன் - சலோர்னோ. முதல் உலகப் போரின் முடிவில், 1919இல் கையெழுத்தான உடன்படிக்கையால் தென் திரோல் நாடு ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்குச் சென்றது. அங்கு வாழ்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் ஜெர்மன் மொழியினர். எத்தோரே தொலொமேய் என்பவர் ஊர், ஆறு, மலை அனைத்திற்கும் இத்தாலியப் பெயர்ப் பட்டியல் ஒன்றை 1916இலேயே வெளியிட்டிருந்தார். அவற்றுள் சில உண்மையில் பழம் பெயர்களே. பல அவர் புதிதாய்ப் புனைந்தவை. பாசிச ஆட்சி 1923இல் அப்பட்டியலைச் சட்டமாக்கியது.

பெயரோடு நிற்கவில்லை. அதே 1923இல் வந்த சட்டம், பள்ளிகளில் இத்தாலியம் ஒன்றே பயிற்றுமொழி என்றது. முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஜெர்மன் அகற்றப்பட்டது. ஜெர்மன் ஆசிரியர்கள் வேலையிழந்தனர். (மலாய்க் கூட்டு மாநிலங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் கூறியதும் அதே 1923தான். கொட்டகையாயினும், ஓர் ஆசிரியரே ஆயினும், தாய்மொழி கற்க நம் பிள்ளைகளுக்கு ஓரிடம் இருந்தது. அதன் அருமை அங்கே நடந்ததை அறியும்போது விளங்கும்.)

மிக்கேல் காம்பெர் என்னும் கத்தோலிக்கக் குருவானவர், முதற் கிறித்தவர்கள் நிலவறைகளில் மறைந்து வழிபட்டதை நினைவூட்டி, வீடுகளில் மறைவாகப் பள்ளி நடத்துமாறு மக்களை வேண்டினார். அதனால் இவை நிலவறைப் பள்ளிகள் எனப்பட்டன. அடுக்களை, பரண், வைக்கோற் கொட்டில் ஆகியவையே வகுப்பறைகள். வாரத்தில் சில மணி நேரம், சில பிள்ளைகள், அடிக்கடி மாறும் இடம். கற்பித்தவருள் பெரும்பாலோர் இளம் பெண்கள். அவர்களுக்குரிய ஆசிரியப் பயிற்சியும் தையல் வகுப்பு, சமையல் வகுப்பு என்ற போர்வையில் நடந்தது. பயிற்சிக் கல்லூரியில் கரும்பலகையின் முன் நின்று பழகிய நமக்கு, அந்தப் பயிற்சியை எண்ணிப் பார்ப்பதும் கடினம்.

போட்செனுக்குத் தெற்கே பாதை ஆற்றங்கரையோடு செல்கையில், திராட்சைத் தோட்டங்களுக்கு அப்பால் மார்கிரைட் என்னும் ஊர் தென்படும். ஆஞ்செலா நிகொலெட்டி என்னும் ஆசிரியை பிறந்த ஊர் அது. மறைவாகக் கற்பித்ததற்காக 1927இல் கைதாகிச் சிறையிலிருந்தார். பின்னர் ஊர்விலக்கும் செய்யப்பட்டார். காசநோயால் 1930இல் மறைந்தபோது அவருக்கு வயது 25. சற்றுத் தெற்கே சலூர்ன். அவ்வூர் வழக்கறிஞர் யோசெஃப் நோல்டின் இப்பள்ளிகளை அமைத்ததற்காக 1927இல் லிப்பாரித் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். அங்குப் பற்றிய மலேரியாவால் 1929 திசம்பரில் உயிர்நீத்தார். ஆப்பிளையும் திராட்சையையும் போற்றும் பயணக் கையேடுகள் இவ்விருவருக்கும் இரண்டு வரி ஒதுக்கினால் குறைந்தா போகும்?

1939இல் இட்லரும் முசோலினியும் உடன்பட்டு, ஜெர்மனிக்குக் குடிபெயர்வதா, மொழியை இழந்து மண்ணில் தங்குவதா என்று அம்மக்களைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் செல்வதாக எழுதிக் கொடுத்தனர். போர் மூண்டதால் உண்மையில் சென்றோர் 75,000 பேர் அளவே. ஒரே குடும்பத்தில் செல்பவரும் தங்குபவரும் பகைத்துக்கொண்டனர். மொழியையும் மண்ணையும் தராசின் இரு தட்டில் வைத்து ஒன்றை எடு என்பது கொடுமையினும் கொடுமை.

அவ்வாண்டுகளில் உருவான திட்டம் ஒன்றன் விளைவைக் காண, பாதையின் தொடக்கத்திற்கே நாம் மீள வேண்டும். ரெஷென் கணவாயின் கீழே இருந்த இயற்கை ஏரிகளின் நீர்மட்டத்தை 22 மீட்டர் உயர்த்தி மின்னாற்றல் எடுக்க வகுத்த திட்டம் அது. போருக்குப் பின்னும் அதனைக் கைவிடவில்லை. 1950இல் கிரவுன் என்னும் ஊர் நீரில் மூழ்கியது. 163 வீடுகளும் 523 எக்டர் நிலமும் போயின. 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் மணிக்கூண்டு மட்டும் ஏரியின் நடுவே தலைதூக்கி நிற்கிறது. மிதிவண்டிப் பயணிகள் எல்லாரும் அங்கே இறங்கிப் படமெடுப்பர்.

ஆயினும் வரலாறு எழுதுவோன் ஒரு பக்கமே சாய்தல் தகாது. கிரவுனுக்குக் கீழே, பூர்காய்ஸ் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் வெண்ணிறமாகத் தோன்றும் மரியன்பெர்க் மடம் உள்ளது. மேல் வின்ஷ்காவில் ஒரு காலத்தில் வழங்கிய மொழி ஜெர்மன் அன்று. இலத்தீனின் வழிவந்த ரொமான்ஷ். 17ஆம் நூற்றாண்டில் அம்மடத்தார் அதனை ஒடுக்கி ஜெர்மனைப் பரப்பினர். அந்த ரொமான்ஷுக்காக நிலவறைப் பள்ளி நடத்துவார் எவரும் இலர். இன்று அது இப்பள்ளத்தாக்கில் ஊர்ப்பெயர்களின் வேரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜெர்மன் பள்ளிகள் 1945இல் மீண்டும் திறந்தன. 1946 செப்டம்பர் 5ஆம் நாள் பாரிசில் ஆஸ்திரியாவும் இத்தாலியும் செய்துகொண்ட ஒப்பந்தம் தாய்மொழிக் கல்விக்கும் இருமொழிப் பெயர்களுக்கும் உறுதி தந்தது. ஏட்டில் இருந்த உறுதி நாட்டில் வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. சிக்கல் ஐக்கிய நாடுகள் அவை வரை சென்று, 1972இல் விரிந்த தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1992இல் இரு நாடுகளும் வழக்கு முடிந்ததென அறிவித்தன. தொலொமேயின் பெயர்களோ நீக்கப்படவில்லை; இன்றும் அவை சட்டப்படி செல்லும். ஆகவேதான் பலகைதோறும் இரண்டு பெயர்.

சலூர்னில் மலைகள் இருபுறமும் நெருங்கி ஆற்றுக்கு இடுக்கான வழி விடுகின்றன. மொழியெல்லையும் அதுவே. அவ்விடுக்கைக் கடந்ததும் ஆறு அடிஜே மட்டுமே. பலகைகளில் ஒரே பெயர். அங்கிருந்து கரையின்மீதே சென்று திரெந்தோ நகரை அடையலாம்.