ரகசியம் எங்கே முடியுது?

1969, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். ஒரு மாணவர் தன் சைக்காலஜிஸ்ட்கிட்ட, ஒரு பெண்ணைக் கொல்லப்போறதா சொல்றார். சைக்காலஜிஸ்ட் சும்மா இருக்கலை, கேம்பஸ் போலீஸுக்கு எழுதினார். போலீஸ் பிடிச்சு விசாரிச்சாங்க. தெளிவாத்தானே பேசுறார்னு விட்டுட்டாங்க. மாணவர் சிகிச்சையையும் நிறுத்திட்டார். அக்டோபர் 27 அன்று தாத்தியானா தாராசாஃப் கொல்லப்பட்டார்.

கவனிங்க: டாக்டருக்குத் தெரியும், போலீஸுக்குத் தெரியும். தாத்தியானாவுக்கு மட்டும் யாருமே சொல்லலை.

பெற்றோர் வழக்குப் போட்டாங்க. 1976-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: நோயாளியின் ரகசியம் முக்கியம்தான்; ஆனா இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா, அவரைக் காப்பாத்த முயற்சி எடுத்தே ஆகணும்.

இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் ரகசியத்துக்கு இதே மாதிரி ஒரு விதிவிலக்கு வெச்சிருக்கு.