போத்தலின் அடியில் ஒரு வரலாறு

வீட்டில் இருக்கிற இரண்டு வெறும் போத்தல்களை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. ஒன்று சின்னக் குளிசைப் போத்தல். மற்றது கழிவறை கழுவுற திரவம் வந்த பிளாஸ்ரிக் போத்தல். பெரிய போத்தலின் அடியில் குறுக்காக ஒரு கோடு, தையல் போட்ட தழும்பு மாதிரி ஓடும். குளிசைப் போத்தலில் பெரும்பாலும் அந்தக் கோடு இருக்காது, நடுவில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெரியும். கோட்டில் இருந்து புள்ளிக்கு வந்ததைத் தொழிற்சாலைக்காரர் 'மேம்பாடு' எண்டு சொல்லுவினம். எதை அளந்துபோட்டு அப்பிடிச் சொன்னார்கள் என்பதைத்தான் நாங்கள் இங்கே தேடிப் பார்க்கிறோம்.

கதை பிளாஸ்ரிக்கில் தொடங்கவில்லை. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் சிரியா, பலஸ்தீனக் கரையோரப் பகுதிகளில் உருகிய கண்ணாடியைக் குழாய் நுனியில் எடுத்து வாயால் ஊதப் பழகினார்கள். அதன் பிறகு ஏறத்தாழ இரண்டாயிரம் வருசம் போத்தல் மனித மூச்சால்தான் உருவானது. அந்த மூச்சை இயந்திரத்துக்கு மாற்றியவர் அமெரிக்காவின் மைக்கேல் ஓவன்ஸ். பத்து வயதிலேயே கண்ணாடித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர் அவர். 1903இல் அவருடைய தானியங்கிப் போத்தல் இயந்திரம் வந்த பிறகு, கண்ணாடி உலைகளில் சிறுவர்களை வேலைக்கு வைக்கிற தேவை பெருமளவு குறைந்தது. கைத்திறனை நம்பிப் பிழைத்த ஊதுதொழிலாளரின் வேலையும் அதோடு போனது. இலாபம் ஒருபக்கம், இழப்பு ஒருபக்கம் என்று இரண்டும் சேர்ந்துதான் மேம்பாடு வருகிறது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

பிளாஸ்ரிக்கை ஊதும் எண்ணமும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. செலுலொயிட் தகடுகள் இரண்டை அச்சுக்குள் வைத்து, சூடாக்கி, நடுவில் நீராவியைச் செலுத்திக் கிலுகிலுப்பையும் பொம்மையும் செய்தார்கள். ஆனால் செலுலொயிட் சட்டென்று தீப்பற்றும் பொருள். அதில் பொம்மை செய்யலாம், ஆனால் ஊருக்கெல்லாம் போத்தல் செய்ய முடியாது.

1930களில் ஈனொக் ஃபேர்ன்கிரென், வில்லியம் கொபிட்கி என்ற இருவர் அமெரிக்காவில் பிளாஸ்ரிக் ஊதும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். 1938இல் அதை வாங்கியது ஹார்ட்ஃபோர்ட் எம்பயர் கம்பனி. அது கண்ணாடிப் போத்தல் இயந்திரம் செய்த கம்பனி! கண்ணாடியை நாளைக்கு இடம்பெயர்க்கப் போகிற பொருள், கண்ணாடிக்காரரின் முற்றத்திலேயே வளர்ந்தது. ஆனாலும் அன்றைக்குக் கிடைத்த பிளாஸ்ரிக்குகள் விலை கூடியவை. மலிவான கண்ணாடியோடு அவற்றால் மோத முடியவில்லை.

வழியைத் திறந்தது ஒரு தற்செயல். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுகூடத்தில் எரிக் ஃபோசெட், ரெஜினோல்ட் கிப்சன் இருவரும் எதிலீன் வாயுவை மிகக் கடும் அழுத்தத்தில் வைத்து வேறொரு சோதனை செய்தபோது, பாத்திரத்தில் மெழுகு மாதிரி வெள்ளைப் பொருள் ஒன்று மிஞ்சியது. அதுதான் பொலிஎதிலீன். இரண்டாம் உலகப் போரில் அது ராடர் கருவிகளின் மின்வடங்களுக்குக் காப்பாகப் போனது. போர் முடிந்ததும் அதற்குப் புது வேலை தேவைப்பட்டது. 1947இல் அமெரிக்காவில் 'ஸ்டொப்பெற்' என்ற வியர்வை மணம் போக்கும் திரவம், அமத்தினால் பீச்சுகிற பொலிஎதிலீன் போத்தலில் சந்தைக்கு வந்தது. கண்ணாடியால் செய்யவே முடியாத ஒன்றைப் பிளாஸ்ரிக் செய்துகாட்டியது அப்போதுதான். 1950களில் இன்னும் விறைப்பான, அடர்த்தி கூடிய பொலிஎதிலீன் வந்தபிறகு பால், சலவைத் திரவம் எல்லாம் பிளாஸ்ரிக்குக்கு மாறத் தொடங்கின.

இனித்தான் அந்தக் கோட்டின் கதை. பெரும்பாலான போத்தல்கள் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரித்தான் ஊதப்படுகின்றன. உருகிய பிளாஸ்ரிக் குழாய் போலக் கீழ்நோக்கித் தொங்கும். இரண்டு பக்கத்தாலும் அச்சு வந்து மூடும்போது குழாயின் அடி நசுங்கி ஒட்டும். பிறகு காற்றை ஊதினால் குழாய் உப்பி அச்சின் வடிவத்தைப் பிடிக்கும். நசுங்கிய இடம்தான் அந்தக் கோடு. இதில் மூன்று கரைச்சல். அச்சுக்கு வெளியே பிதுங்குகிற துண்டை வெட்டி எறிய வேண்டும். தொங்குகிற குழாய் தன் பாரத்தாலேயே இழுபடுவதால் சுவர் ஒரு இடத்தில் தடிப்பாயும் இன்னொரு இடத்தில் மெலிதாயும் வரும். எல்லாவற்றையும்விட, கழுத்தின் அளவு துல்லியமாக வராது.

இதற்கு மறுமொழியாக வந்ததுதான் உட்செலுத்தி ஊதும் முறை. இதில் முதலில் ஒரு உருக்குக் கோலைச் சுற்றி, அச்சுக்குள் பிளாஸ்ரிக்கை அழுத்திச் செலுத்துவார்கள். சோதனைக் குழாய் மாதிரி ஒரு முன்வடிவம் கிடைக்கும். மூடி திருகுகிற புரியோடு கழுத்து அந்த நேரத்திலேயே முடிந்துவிடும். செலுத்திய துவாரத்தின் அடையாளம்தான் அடியில் தெரிகிற புள்ளி. அடுத்ததாகச் சூடு ஆறுவதற்கு முன்பே, கோலோடு சேர்த்து முன்வடிவத்தை வேறொரு அச்சுக்குள் கொண்டுபோய், கோலின் வழியாகவே காற்றை ஊதுவார்கள். வெட்டி எறிய ஒன்றும் இல்லை.

தொடக்ககால இயந்திரங்களில் இரண்டு நிலையங்கள்தான் இருந்தன: ஒன்றில் செலுத்துவது, மற்றதில் ஊதுவது. முடிந்த போத்தலைக் கோலில் இருந்து கழற்றும் வரைக்கும் இரண்டு அச்சும் சும்மா இருக்கும். 1961இல் இத்தாலியின் குசோனி மூன்றாவது நிலையம் ஒன்றைச் சேர்த்தார். ஒரு வட்டத் தலை 120 பாகையாகத் திரும்பும். ஓரிடத்தில் செலுத்தும்போதே இன்னோரிடத்தில் ஊதுவதும் மற்றோரிடத்தில் கழற்றுவதும் நடக்கும். இவ்வளவுதானா எண்டு கேப்பீங்கள். இவ்வளவுதான், ஆனால் அந்தச் சும்மா இருந்த நேரம் போனபிறகுதான் இந்த முறை பெரும் தொழிலாக மாறியது.

அதற்குப் பின் வந்தவை நுணுக்கமான திருத்தங்கள். கோலுக்குள் எண்ணெயோ காற்றோ ஓடவிட்டு அதன் வெப்பத்தை ஒரு சீராக வைத்தார்கள், ஏனென்றால் ஒரு பக்கம் சூடு கூடினால் அந்தப் பக்கம் அதிகமாய் உப்பும். எங்கே கூட இழுபடுமோ அங்கே முன்வடிவத்தை முன்கூட்டியே தடிப்பாக்கினார்கள். முன்வடிவத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விட்டத்துக்கு மேல் ஊதப் போகக்கூடாது என்று கற்றுக்கொண்டார்கள். குறைகளும் இல்லாமல் இல்லை. ஒரு போத்தலுக்கு இரண்டு வகை அச்சு வேண்டும், அதனால் செலவு கூட. கைபிடி வைத்த போத்தல் இதில் வராது. அதனால்தான் இந்த முறை சின்ன மருந்துப் போத்தல்களோடு தங்கிவிட்டது.

அங்கே அது செய்த வேலை சின்னதில்லை. 1970இல் அமெரிக்கா, ஆபத்தான மருந்துகளைச் சிறுவர்கள் திறக்க முடியாத மூடியோடுதான் விற்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அமத்தித் திருப்பினால் மட்டும் திறக்கிற மூடி ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் கழுத்தின் அளவு போத்தலுக்குப் போத்தல் மாறக்கூடாது. துல்லியமான கழுத்து என்பது தொழிற்சாலைக் கணக்கு மட்டும் இல்லை. குளிசையை இனிப்பு என்று நினைத்து விழுங்கிச் சாகிற பிள்ளைகளின் தொகை குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

சோடாவுக்கு வேறு வழி தேவைப்பட்டது. டூபொன்ட் கம்பனியின் நத்தானியேல் வயெத், போத்தலை நீளப்பக்கமும் அகலப்பக்கமும் ஒன்றாக இழுத்து ஊதினால் பிளாஸ்ரிக்கின் மூலக்கூறுகள் ஒழுங்குபட்டு வலிமை கூடும் என்று கண்டார். 'பெற்' எனப்படும் பொலியெஸ்தர் போத்தலுக்கு அவர் 1973இல் காப்புரிமை பெற்றார். இதற்கும் அடித்தளம் அந்த முன்வடிவம்தான். பிறகு எடைக் குறைப்புப் போட்டி தொடங்கியது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 19 கிராம் இருந்த அரை லீட்டர்த் தண்ணிப் போத்தல், பதினைந்து வருசத்துக்குள் பாதி எடைக்கு இறங்கியது.

நிமிடம், கிராம், கழுத்தின் அளவு, வெட்டி எறிகிற துண்டு: அளந்த எல்லாமே குறைந்தது அல்லது சீரானது. ஆனால் இந்த அளவுகள் எல்லாம் தொழிற்சாலையின் படலையோடு முடிந்துவிடுகின்றன. படலைக்கு வெளியே போன போத்தல் எங்கே போகுது எண்டு அளக்கச் சொல்லி ஒருவரும் பொறியியலாளரைக் கேட்கவில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்ரிக் 830 கோடித் தொன். குப்பையானதில் மீள்சுழற்சிக்குப் போனது ஏறத்தாழ 9 வீதம். போத்தல் பாதி எடையானது உண்மை. ஆனால் வெறும் போத்தலைக் கடையில் குடுத்து முழுப்போத்தல் வாங்கிற பழக்கத்தையும் அந்த இலேசான போத்தல்தான் தேவையில்லாமல் ஆக்கியது.

படலைக்கு இந்தப் பக்கமும் அளக்காத ஒன்று உண்டு. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது, யூன் 2இல் மூழ்கியது. அதில் இருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கொட்டின. பருப்பளவு இருக்கிற அந்த மணிகள், பெரும்பாலும் பொலிஎதிலீன், இன்னும் உருகாத, இன்னும் ஊதாத போத்தல்களின் மூலப்பொருள். ஒரு துண்டுகூட வீணாகாத முறை என்று பெருமைப்படுகிற தொழிலின் மூலப்பொருள், அச்சைக் காணாமலேயே எங்கள் மேற்குக் கரையில் குவிந்தது. மீன்பிடிக்கப் போக முடியாமல் கரையில் இருந்த நீர்கொழும்புக் குடும்பங்களின் நட்டம் எந்தப் போத்தலின் விலையிலும் சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

இதைச் சொல்வதால் ஃபேர்ன்கிரெனையோ குசோனியையோ நாங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. தங்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர்கள் நேர்மையாகப் பதில் சொன்னார்கள். எப்படி வேகமாக ஊதுவது என்று கேட்டார்கள், மூன்றாவது நிலையம் வந்தது. பிள்ளை திறக்காத மூடி வேண்டும் என்று சட்டம் கேட்டது, அதற்குப் பொருந்தும் கழுத்து வந்தது. அந்தக் கேள்வியைச் சந்தை கேட்கவில்லை, மக்களும் சட்டமும் கேட்டார்கள் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது. எங்களில் கனபேர் நாளைக்குப் பொறியியலாளராக, வியாபாரியாக, சட்டம் எழுதுகிறவராகப் போகிறவர்கள். இருபது தரம் நிரப்பக்கூடிய போத்தலை எப்படி ஊதுவது, மணி கொட்டினால் யார் அள்ளுவது என்ற கேள்விகள் இன்னும் யாரும் பலமாகக் கேட்காமல் கிடக்கின்றன.