ஏழு நாளா, முப்பது நாளா?

ஆய்வுப் படிப்பில் சேர்ந்த முதல் வருடம் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். இந்தியாவின் வறுமை விகிதத்தை ஆண்டுவாரியாக எடுத்து, ஒரு கோடு வரைந்து, அது ஏன் அப்படிப் போகிறது என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். எக்செல் தெரிந்தால் போதும், அரை மணி நேர வேலை. திட்டக் குழு வெளியிட்ட எண்களை எடுத்துக்கொண்டேன். 1983இல் 44.5 சதவீதம், 1987-88இல் 38.9, 1993-94இல் 36, 1999-2000இல் 26.1, 2004-05இல் 27.5.

கோடு மெதுவாக இறங்கி வருகிறது, 1990களில் சடாரென்று பத்துப் புள்ளி விழுகிறது, அப்புறம் கொஞ்சம் ஏறுகிறது. நானும் உற்சாகமாகக் காரணம் எழுதினேன். 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தம், வளர்ச்சி விகிதம், நல்ல மழை, பிறகு விவசாய நெருக்கடி என்று எல்லாவற்றையும் அந்தக் கோட்டில் பொருத்திவிட்டேன். நன்றாகவே பொருந்தியது!

சார் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது ஓரத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: “ஷெட்யூலைப் படிச்சீங்களா?”

படிக்கவில்லை. ஷெட்யூல் என்றால் கணக்கெடுப்பவர் வீடு வீடாக எடுத்துப்போகும் வினாத்தாள். எண்கள் எக்செல் கோப்பில் இருக்கும்போது வினாத்தாளை யார் தேடிப் படிக்கிறார்கள்? அதைத் தேடிப் போனதில்தான் இந்தக் கதை கிடைத்தது.

இந்தியாவில் வறுமையைக் கணக்கிட வருமானத்தைக் கேட்பதில்லை, செலவைத்தான் கேட்கிறார்கள். கூலிக்காரரிடமோ சிறு விவசாயியிடமோ வருட வருமானம் என்ன என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடைப்பது கஷ்டம். ஆகவே என்ன வாங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு செலவானது என்று கேட்டு, அதைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, வறுமைக்கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். இந்த வேலையை 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு செய்து வருகிறது. அதற்குப் பின்னால் இருந்தவர் பி.சி. மகலனோபிஸ். இயற்பியல் படித்தவர். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர். வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி ஆய்வு மூலம் கணக்கிட்டுப் பழகியிருந்தார்.

வயலை அளப்பதில் இல்லாத ஒரு சிக்கல் வீட்டுச் செலவை அளப்பதில் உண்டு. வயல் கண் முன்னால் இருக்கிறது. செலவு ஆளின் ஞாபகத்தில் இருக்கிறது. எத்தனை நாள் செலவைக் கேட்பது? நீண்ட காலத்தைக் கேட்டால் மறந்துபோகும். குறுகிய காலத்தைக் கேட்டால் வேறு தொல்லை: பத்து நாள் முன்னால் வாங்கியதையும் “போன வாரம்தான்” என்று சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மகலனோபிஸ் குழு இதை ஊகத்தில் விடவில்லை. 1950களின் தொடக்கத்திலேயே சில வீடுகளில் ஒரு வாரச் செலவையும் சில வீடுகளில் ஒரு மாதச் செலவையும் கேட்டுப் பார்த்தார்கள். வாரத்தைக் கேட்ட வீடுகளில் உணவு நுகர்வு அதிகமாக வந்தது. எது சரி என்று தெரிய, மேற்கு வங்கக் கிராமங்களில் வீடுகளின் தானியத்தை நேரடியாக எடைபோட்டுப் பார்த்தார்கள். மாதக் கணக்கே எடைக்கு நெருக்கமாக இருந்தது. 30 நாள் என்ற வழக்கம் அப்படித்தான் நிலைத்தது. 1993-94 வரை வந்த அதிகாரபூர்வ வறுமை எண்கள் எல்லாம் இந்த 30 நாள் ஞாபகத்தின்மேல் நிற்பவை.

இதைப் படித்த கொஞ்ச நாளிலேயே களப்பயிற்சிக்காக விழுப்புரம் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். என் கையிலும் ஒரு ஷெட்யூல். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம் ஆரம்பித்தேன்.

“கடைசி முப்பது நாள்ல அரிசி எவ்வளவுக்கா?”

“ரேஷன்ல இருபது கிலோ. அது மாசாமாசம் வந்துரும்.”

“காய்கறி?”

“அதுக்கு என்ன தம்பி கணக்கு? ஒரு நாளைக்கு முப்பது ரூபா போட்டுக்கோ.”

முப்பதை முப்பதால் பெருக்கி 900 என்று எழுதினேன்.

“துணிமணி?”

“புடவையா? தீபாவளிக்கு எடுத்ததுதான்.”

அப்போது ஜூலை மாதம். துணிக்கு நேரே பூஜ்யம் போட்டேன். அந்த வீட்டில் வருடம் முழுக்கத் துணியே எடுக்காதது போல!

மூன்று கேள்விக்குள் மூன்று விதமான ஞாபகம். அரிசிக்கு மாதம் இயல்பான அளவு. காய்கறிக்கு நாளோ வாரமோதான் அளவு. துணிக்கு வருடம். நான் எழுதிய 900இல் அந்த அக்காவின் ஞாபகத்தைவிட என் பெருக்கல்தான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு 1990களுக்கு வாருங்கள்.

1994-95 முதல் 1998 வரை நடந்த நான்கு சுற்றுகளில் மாதிரி ஆய்வு நிறுவனம் பழைய கேள்வியை மறுபடி சோதித்தது. வீடுகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பழைய ஷெட்யூல், எல்லாவற்றுக்கும் 30 நாள். இன்னொரு பாதிக்குப் புதியது: உணவு, வெற்றிலை, புகையிலைக்கு 7 நாள், துணி, செருப்பு, கல்வி, நீடித்த பொருள்கள் போன்றவற்றுக்கு 365 நாள், மீதிக்கு 30 நாள். அதே நாடு, அதே வருடம், அதே வறுமைக்கோடு. புதிய ஷெட்யூலின்படி வறுமை விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கேள்வியில் நாள் கணக்கை மாற்றியதில் கோடிக்கணக்கானோர் காகிதத்தில் கோட்டைத் தாண்டிவிட்டார்கள்.

365 நாள் கேள்வி செய்வதைக் கவனிக்க வேண்டும். 30 நாள் கேட்டால் பெரும்பாலான ஏழை வீடுகளில் துணிக்குப் பூஜ்யம்தான் வரும். வருடத்தைக் கேட்டால் எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு தொகை வரும், அதைப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்ப்பார்கள். அதனால் சராசரி பெரிதாக ஏறாவிட்டாலும் அடித்தட்டில் இருக்கும் வீடுகளின் செலவு சற்று மேலே வருகிறது. வறுமைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்து 1999-2000இல் 55ஆவது சுற்று, பெரிய சுற்று. எந்த நாள் கணக்கு என்பதில் சண்டை தீரவில்லை. கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். உணவுப் பொருள்களுக்கு 7 நாள், 30 நாள் இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்டார்கள்.

என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு இவ்வளவு என்று சொன்னவர், அடுத்த மூச்சில் மாதத்துக்குக் கேட்டால் மனதுக்குள் நாலரையால் பெருக்கித்தானே சொல்வார்? அவர் பெருக்காவிட்டால் நோட்டுப் பிடித்தவர் பெருக்குவார், விழுப்புரத்தில் நான் செய்த மாதிரி. முன்பு தனித்தனி வீடுகளில் கேட்டபோது வெகுதூரம் விலகி நின்ற இரண்டு கணக்கும் இந்தச் சுற்றில் ஒட்டிக்கொண்டன. அந்த 30 நாள் கட்டத்தை வைத்துத்தான் 26.1 சதவீதம் என்று அறிவித்தார்கள். நான் சீர்திருத்தத்தாலும் மழையாலும் விளக்கிய வீழ்ச்சியில் ஒரு பங்கு இந்தப் பெருக்கல்.

பழுதான டேட்டாவைக் குப்பையில் போடுவதா? ஆங்கஸ் டீட்டன் (2015இல் நோபல் பரிசு வாங்கியவர்) ஒரு வழி கண்டார். எரிபொருள், வாடகை, சில சேவைகள் போன்ற செலவுகளை எல்லாச் சுற்றிலும் 30 நாளுக்கு மட்டுமே கேட்டிருந்தார்கள். அவை கறைபடாதவை. எரிபொருளுக்கும் பிறவற்றுக்கும் இவ்வளவு செலவிடும் வீடு ஏழையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது 1993-94 டேட்டாவில் தெரியும். அந்த உறவை 1999-2000இன் கறைபடாத செலவுகளுக்குப் பொருத்திக் கணக்கிட்டார். கிராமப்புறத்தில் அரசு 27 சதவீதம் என்று சொன்ன இடத்தில் அவருக்குச் சுமார் 30 வந்தது. வறுமை குறைந்தது உண்மை, சொன்ன அளவுக்கு இல்லை.

அதோடும் முடியவில்லை. அந்தப் பழைய உறவு ஆறு வருடத்தில் மாறாமல் இருந்ததா என்று அபிஜித் சென்னும் ஹிமான்ஷுவும் 2004இல் கேள்வி எழுப்பினார்கள். அவர்கள் கணக்கில் குறைவு இன்னும் சிறியது. ரெக்ரஷன் வகுப்பில் ‘அனுமானங்கள்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுத் தாண்டிப் போவோமே, அதன் அர்த்தம் எனக்கு இந்தச் சண்டையில்தான் புரிந்தது.

இது வெறும் அறிஞர் சண்டை இல்லை. 1997இல் ரேஷன் முறையை வறுமைக்கோட்டின்படி பிரித்தபோது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை ஏழைக் குடும்பத்துக்கான தானியம் என்பதை 1993-94 வறுமை மதிப்பீட்டை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்குமான ரேஷனை வைத்துக்கொண்டது. அந்த அக்கா இருபது கிலோவைத் தயங்காமல் சொன்னதற்குப் பின்னால் அதுவும் இருக்கிறது. மற்ற பல மாநிலங்களில் அன்று அந்த எண்ணைப் பொறுத்துத்தான் அட்டை இருந்தது.

2009-10 முதல் ஒரு பங்கு வீடுகளில் புதிய முறையில் கேட்டார்கள். அரிசி, பருப்பு, பால், சர்க்கரைக்கு 30 நாள். காய்கறி, பழம், மீன், இறைச்சி, எண்ணெய்க்கு 7 நாள். துணிமணி போன்றவற்றுக்கு ஒரு வருடம். அந்த அக்கா திண்ணையில் பிரித்துச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் முறை மாறினால் பழைய எண்களோடு நேராக ஒப்பிட முடியாது. சரியான கேள்விக்கும் மாறாத கேள்விக்கும் நடுவே எதை விடுவது என்பது இன்றுவரை தீராத பிரச்சினை.

அளவைமுறைகளைப் படிக்க வரும் தம்பி தங்கைகள் எந்த மென்பொருளில் ஆரம்பிக்கலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. எதுவானாலும் சரி. முதலில் ஷெட்யூலை அச்செடுத்து, உங்கள் வீட்டில் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டு நிரப்பிப் பாருங்கள். எங்கே அவர் யோசிக்கிறார், எங்கே நீங்கள் பெருக்குகிறீர்கள் என்று பென்சிலால் குறித்து வையுங்கள். நான் அந்தப் பழைய பயிற்சியை மறுபடி எழுதியபோது, 1993-94 புள்ளிக்கும் 1999-2000 புள்ளிக்கும் நடுவில் கோட்டை இழுக்காமல் இடைவெளி விட்டு, அடியில் காரணத்தை எழுதினேன். இரண்டு பக்கம் ஐந்து பக்கமாகிவிட்டது. சார் அதில் எதுவும் குறிக்கவில்லை.