மைதானம் யாருடையது? – இந்துமதி கதிரேசனை முன்வைத்துச் சில குறிப்புகள்

கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். சாயங்காலம், பையன்கள் ஆடி முடித்துப் போன பிறகு ஏழெட்டுச் சிறுமிகள் அதே பந்தை வெறுங்காலோடு உதைத்துக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து, கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் ஒருத்தி கேட்டாள்: “கடலூர் அக்கா ஒருத்தங்க பந்து ஆடியே எஸ்.ஐ. ஆயிட்டாங்களாமே, நெசமா சார்?” கோல்களைப் பற்றியோ கோப்பைகளைப் பற்றியோ அவள் கேட்கவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. விளையாட்டு என்றால் உடலின் கொண்டாட்டம், விடுதலை என்றெல்லாம் படித்து வைத்திருக்கிற மண்டை அல்லவா! வரலாறு அவள் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது மலையிறங்கிய பிறகே உறைத்தது.

அவள் சொன்ன அக்கா இந்துமதி கதிரேசன். 1994இல் பிறந்தவர், இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர். 2017 ஜனவரியில் சிலிகுரியில் தெற்காசியக் கோப்பை இறுதியாட்டத்தில் வங்கதேசத்தை இந்தியா 3–1 என வென்றபோது ஒரு கோல் அவர் அடித்தது. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என வீழ்த்தி முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்ற தமிழக அணியிலும், 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற சேது எஃப்.சி. அணியிலும் ஆடியவர். 2020 ஊரடங்கில் தமிழகக் காவல்துறையின் உதவி ஆய்வாளராகச் சென்னைத் தெருக்களில் நின்றார். 2022 ஜனவரி ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியிலும் இருந்தார். ஈரானுடன் 0–0 என ஓர் ஆட்டம் முடிந்ததுமே கொரோனா தொற்றால் அந்த அணி போட்டியிலிருந்து விலக நேர்ந்தது.

பத்திரிகைகள் இதை ‘தடைகளை வென்ற திறமை’ என்ற ஒற்றைக் கதையாடலாக்கிவிடும். இந்தக் கதையாடலில் தொலைந்துபோவது இரண்டு: மைதானம், சம்பளம். 2004 டிசம்பர் 26 சுனாமி கடலூர்க் கரையைச் சூறையாடிய பிறகு, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான அரசு இல்லத்துச் சிறுமிகளுக்குப் பந்தாடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார் பயிற்சியாளர் மாரியப்பன். அந்த முயற்சி இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாதெமியாக வளர்ந்தது. இந்துமதி இந்தக் களத்தில் உருவானவர். ஆக, ஒரு கரையோரப் பெண்களுக்கு மைதானம் கிடைக்க ஒரு கடலே பொங்க வேண்டியிருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பெண்கள் கால்பந்தின் வரலாறே மைதானத்தை மறுத்ததன் வரலாறுதான். 1921இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புச் சங்கங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அரை நூற்றாண்டுக்குத் திறக்கவில்லை. கால்பந்தின் தாய்நாடாகக் கொண்டாடப்படும் பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டமே தடுத்தது. மாறாக, 1972இல் அமெரிக்கா கல்வி நிலையங்களில் பால் வேற்றுமையைத் தடை செய்ததும் கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பெருகின. 1999 உலகக் கோப்பைக்கு மெக்சிகோ அனுப்பிய அணியில் கணிசமானோர் அந்தக் கல்லூரிகளில் ஆடிய, மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கப் பெண்கள். தாயகம் தராத மைதானத்தை அயல்நாட்டுச் சட்டம் ஒன்று தந்தது. இங்கே அப்படியொரு சட்டம் இல்லை. பெண்களுக்கான தேசிய லீக்கே 2016–17இல்தான் தொடங்கியது. ஆட்டத்தை மட்டும் நம்பி எந்தப் பெண் சோறு தின்ன முடியும்? அந்த இடத்தைக் காக்கிச் சட்டை நிரப்புகிறது. அதிகாரத்தின் சீருடை என்று நாம் அதை ஆயிரம் விமர்சிக்கலாம். ஒரு பெண் இருபத்தைந்து வயதுக்குப் பிறகும் பந்தாட முடிவது அந்தச் சம்பளத்தால்தான் என்ற முரணையும் பார்த்தாக வேண்டும்.

மலைக்குத் திரும்புவோம். 1993 வரை கடலூரும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். ஆனால் கல்வராயன் மலை ஜாகிர்தார்களிடமிருந்து அரசின் கைக்கு முழுதாக வந்ததே 1976இல்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பிறகே மலைமக்களின் வாழ்நிலையை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. கடலூருக்குச் சுனாமி, மலைக்குச் சாராயச் சாவு. விளிம்பிலிருப்பவர்கள் கண்ணில் பட ஒவ்வொரு முறையும் பிணம் விழ வேண்டும் என்பது என்ன நியதி?

அந்தச் சிறுமிக்கு அறிவுரை எதுவும் நான் சொல்லவில்லை. “நெசந்தாம்மா” என்று மட்டும் சொன்னேன். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள்: “அப்ப நாங்க எங்க போயி ஆடுறது சார்?”

இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.