கரண்டியால் அளந்த வெடிமருந்து

போன வாரம் பேரன் கேட்டான்: "தாத்தா, அந்தக் காலத்துல தோட்டாவுக்கு மருந்தைத் தராசுலயா அளந்தாங்க?" இல்லடா கண்ணா, பெரும்பாலும் நம் வீட்டில் ஆழாக்கால் அரிசி அளந்த மாதிரிதான்.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் துப்பாக்கி வீரனின் தோள்வாரில் சின்னச் சின்ன மரக்குப்பிகள் தொங்கும். ஒரு குப்பி, ஒரு முறை சுடுவதற்கான மருந்து. அமெரிக்க வேட்டைக்காரர்கள் கொம்பைக் குடைந்து அளவை செய்துகொண்டார்கள். உலோகத் தோட்டா வந்த பிறகு, சுட்ட காலி உறையையே வெட்டிக் கம்பியால் காம்பு வைத்துக் கரண்டியாக்கினார்கள். எடைக்குப் பெயர் 'கிரெய்ன்', அதாவது தானிய மணி; 7000 சேர்ந்தால் ஒரு பவுண்டு. (நம் ஆசாரிகளின் குன்றிமணிக்குப் பங்காளி!)

கறுப்பு மருந்து இருந்தவரை பயம் குறைவு. உறை நிறையப் போடுவதே வழக்கம்; கூடுதலாகப் போட இடமே இராது. 1884இல் பிரான்சின் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். வலிமை ஏறக்குறைய மூன்று மடங்கு. உறையில் பாதிகூட வேண்டாம். குறிபார்த்துப் பழக லேசான தோட்டா செய்தவர்கள் இன்னும் குறைத்தார்கள். வினையே அங்கேதான். மறதியில் இரண்டாம் கரண்டி விழுந்தாலும் உறைக்குள் அடங்கிவிடும். துப்பாக்கியே வெடித்து விரலை இழந்தவர்கள் உண்டு. மருந்துக்கு மருந்து அடர்த்தியும் வேகமும் வேறு. கறுப்பு மருந்துக்குச் செய்த கரண்டியில் புது மருந்தை அள்ளினால் அதே கதிதான்.

இதைக் கேட்டுவிட்டுப் பேரன் நேராக அடுப்படிக்குப் போய் ஆழாக்கைக் கேட்டான். பாட்டி கொடுக்கவில்லை.